நரம்புக் கதிரியக்கவியலா, நரம்புப் படிமவியலா?

தண்டுவட எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கான ஒப்புதல் படிவம் ஒன்றில் 'கதிரியக்கப் பரிசோதனைக்குச் சம்மதிக்கிறேன்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மேலே கொட்டை எழுத்தில் துறையின் பெயர்: 'நரம்புக் கதிரியக்கவியல்'. மூளை, தண்டுவடம், நரம்புகளைப் படமெடுத்து நோயறியும் துறையான நியூரோரேடியாலஜிக்கு இந்தப் பெயர் போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இது தவறு, சின்னத் தவறும் அல்ல.

நியூரான் கிரேக்கத்தில் நரம்பு, நாண். ரேடியஸ் லத்தீனில் சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர். லாஜி என்பது இயல். இதில் 'இயக்கம்' எங்கே இருக்கிறது?

கதிரியக்கம் என்பது ரேடியோஆக்டிவிட்டிக்கு நாம் என்றோ கொடுத்துவிட்ட சொல். யுரேனியம் போன்றவற்றின் அணுக்கரு தானே சிதைந்து கதிரை உமிழ்வது அது. 1896இல் இயற்பியலாளர் பெக்கரல் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டு இன்னோர் இயற்பியலாளர் ரான்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் வேறு. அது மின்குழாயில் பிறக்கிறது. மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். 1971இல் லண்டனில் நோயாளியின் மூளையை முதன்முதலாகப் படம்பிடித்த சி.டி. ஸ்கேனும் இந்த எக்ஸ் கதிரால்தான் வேலை செய்தது. எம்.ஆர்.ஐ.யில் அதுவும் கிடையாது. வலிய காந்தப்புலத்தில் ரேடியோ அலையைச் செலுத்தி, உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜனிலிருந்து வரும் சமிக்ஞையைப் படமாக்குகிறார்கள். எந்த அணுக்கருவும் சிதைவதில்லை. ஆங்கிலத்திலேயே அதன் பழைய பெயரில் இருந்த 'நியூக்ளியர்' (அணுக்கரு சார்ந்த) என்ற சொல்லை, நோயாளிகள் மிரள்வார்கள் என்று கழற்றிவிட்டார்கள். அவர்கள் கழற்றியதை நாம் தேடி எடுத்து மாட்டியிருக்கிறோம்.

'கதிரை இயக்குவதால் கதிரியக்கம்' என்று வாதிடுவோர் உண்டு. பிரித்துப் பார்த்தால் சரிபோலத் தோன்றும். ஆனால் பாடநூலும் செய்தித்தாளும் ஒரு சொல்லுக்குப் பொருளை நிலைநிறுத்திவிட்ட பிறகு இப்படிப் பிரிப்பதில் பயனில்லை. செர்னோபில் அணு உலை விபத்துச் செய்தியில் படித்த அதே சொல்லைப் படிவத்தில் பார்க்கும் கர்ப்பிணி, கையெழுத்துப் போடத் தயங்காமல் என்ன செய்வார்? பெட் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஃபுளூரின்-18 சேர்ந்த மருந்தை ஊசி வழியே ஏற்றுகிறார்கள். அது மெய்யாகவே கதிரியக்கப் பொருள். சுமார் 110 நிமிடத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிறது. எல்லாவற்றுக்கும் இதே பெயரை வைத்துவிட்டால், இதை நோயாளிக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது?

நான் சொல்வது 'நரம்புப் படிமவியல்'. எந்தக் கருவியால் எடுத்தாலும் கிடைப்பது படிமம்தான். அது கவிதைக்காரர்களின் சொல்லாயிற்றே என்பார்கள். கண்ணாடியைப் படிமக்கலம் என்றது பழந்தமிழ். உருவைக் காட்டும் பொருள் அதில் அன்றே இருக்கிறது.

சிகிச்சைப் பிரிவான இன்டர்வென்ஷனல் நியூரோரேடியாலஜிக்கு வைத்த பெயர் இன்னும் மோசம்: 'தலையீட்டு நரம்புக் கதிரியக்கவியல்'. யார், எதில் தலையிடுகிறார்? தொடை இடுக்குத் தமனி வழியே மெல்லிய குழாயை ஏற்றி, திரையில் பார்த்தபடியே, மூளைத் தமனியில் புடைத்திருக்கும் வீக்கத்துக்குள் பிளாட்டினக் கம்பிச்சுருளை இறக்கி அடைக்கிறார் மருத்துவர். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர், அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 'படிமவழி நரம்புச் சிகிச்சை' என்று எழுதியிருப்பார்.