இரண்டு மாதவிலக்குக்கு நடுவே இரத்தம் படுவது ஏன்?

மாதவிலக்கு முடிந்து பத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருக்கும். திடீரென்று உள்ளாடையில் இரத்தக் கறை. 'உடம்புச் சூடு' என்று வெந்தயத்தை விழுங்கிவிட்டு அதோடு மறந்துவிடும் பெண்கள் பலர். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். வளர்ந்ததை உதிராமல் காப்பது, கருமுட்டை வெளிவந்த பிறகு சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோன். கரு தங்காவிட்டால் இரண்டும் இறங்கும், சவ்வுக்கு இரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகள் இறுகும், சவ்வு உதிரும். அதுதான் மாதவிலக்கு. நடுவில் ஹார்மோன் அளவு தடுமாறினாலும் கொஞ்சம் உதிரலாம்.

முட்டை வெளிவரும் நாளையொட்டி ஈஸ்ட்ரோஜன் சற்றுக் குறைவதால், சிலருக்கு ஓரிரு நாள் லேசாகப் படும். பயப்பட வேண்டாம். கருத்தடை மாத்திரையை மறந்தாலும் இப்படி ஆகலாம். புதிதாகத் தொடங்கியவர்களுக்கு முதல் மூன்று மாதம் மறக்காமல் போட்டாலும் ஆகலாம். காப்பர் டி, கருத்தடை ஊசி போட்டவர்களுக்கும் உண்டு. பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, இருந்தால் கதை வேறு. முட்டை ஒழுங்காக வெளிவராததால் புரோஜெஸ்டிரோன் கிடைக்காமல் சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அங்கங்கே பிய்ந்து உதிரும்.

ஹார்மோன் சரியாக இருந்தும் கசிந்தால், கர்ப்பப்பைக்குள் சிறு சதை வளர்ச்சியோ ஃபைப்ராய்டு கட்டியோ இருக்கலாம். ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கசிவோடு அடிவயிற்றில் கடும் வலி, தலைசுற்றல் என்றால் கரு கர்ப்பப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கக்கூடும். அப்போது காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு பலர் மறைப்பது, உடலுறவுக்குப் பின் படும் இரத்தம். அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பப்பை வாயைப் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறி அது. பெரும்பாலும் அங்கே தொற்றோ, தொட்டால் கசியும் மென்மையான திசுவோதான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு துளி பட்டாலும் அதே அக்கறை வேண்டும். அது கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

அறிகுறியே இல்லாவிட்டாலும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் ஓர் எளிய சோதனை செய்கிறார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தில், பஞ்சை நனைத்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். வெளுத்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்த பரிசோதனை தேவை, அவ்வளவுதான். ஏற்கெனவே இரத்தம் படுகிறவர்கள், இதில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், மகப்பேறு மருத்துவரிடம் முழுதாகக் காட்டிவிட வேண்டும்.