சாஃப்ட்பாலில் மூன்றாவது அம்பயர் எங்கே நிற்க வேண்டும்?

சென்னையில் ‘மூன்றாவது அம்பயர்’ என்றதும் எல்லோருக்கும் டிவி திரைதான் நினைவுக்கு வரும். 1992-ல் டர்பனில் சச்சினுக்கு ரன் அவுட் கொடுத்த நாளிலிருந்து கிரிக்கெட்டில் அவர் அறைக்குள் இருப்பவர். பேஸ்பாலைப் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலில் அப்படியில்லை. மூன்றாமவரும் வெயிலில்தான் நிற்கிறார், மற்றவர்களோடு சேர்ந்து ஓடுகிறார். பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஒருவர், அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸ் பக்கம் ஒருவர், மூன்றாவது பேஸ் பக்கம் ஒருவர்.

நான் அம்பயராக நின்ற பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டு பேர்தான். அதனால் நம் ஆட்கள் பலர் மூவர் குழுவில் முதல்முறை நிற்பதே ஏதாவது பெரிய போட்டியில்தான். ஓர் ஆள் கூடினால் வேலை குறையும் என்று நம்பிப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

அன்று நான் மூன்றாவது பேஸ் அம்பயர். முதல் பேஸில் ஒரு ரன்னர், அதாவது ஏற்கெனவே அடித்து ஓடி அங்கே வந்து நிற்பவர். மைதானத்தின் இடது வெளிப்பகுதியான லெஃப்ட் ஃபீல்டில் பந்து தாழ்வாகப் பறந்தது, ஃபீல்டர் பாய்ந்தார். கேட்ச்சா, தரையில் பட்டதா என்று பார்க்க நான் வெளியே ஓடினேன். அது சரியான முடிவுதான். பந்து தரையில் பட்டிருந்தது, அதையும் சரியாகவே காட்டினேன். ஆனால் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிளேட் அம்பயர், மூன்றாவது பேஸில் நான் இருக்கிறேன் என்று நினைத்து ஹோமிலேயே நின்றுவிட்டார். ரன்னர் இரண்டாவது பேஸைத் தாண்டி மூன்றாவதுக்குச் சறுக்கி வந்தார். பந்தோடு தொட்டு அவுட் கேட்கும் டேக்கும் விழுந்தது. புழுதி அடங்கியபோது சறுக்கி வந்த அந்தப் பெண் தரையில் படுத்தபடியே தலையைத் திருப்பித் திருப்பி அம்பயரைத் தேடினாள். அங்கே யாரும் இல்லை. தூரத்திலிருந்து ஒரு முடிவு கொடுத்தோம். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் முகம் மட்டும் மறக்கவில்லை.

மூவர் குழுவின் அடிப்படையே இதில்தான் இருக்கிறது. ஒருவர் பந்தைத் தொடர்ந்து வெளியே போய்விட்டால், மீதி இருவரும் அந்த நொடியே இருவர் முறைக்கு மாறிவிட வேண்டும். போனவர் அந்த ஒரு அடியின் ஓட்டம் முடியும்வரை உள்ளே திரும்பக் கூடாது. மேலே சொன்ன நிலையில் பிளேட் அம்பயர் மூன்றாவது பேஸை நோக்கி நகர வேண்டும்; முதல் பேஸ்காரர் அடித்து ஓடுபவரை இரண்டாவது பேஸ்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் படித்தால் இரண்டு வரி. ஆனால் பேஸுக்குப் பேஸ் 60 அடிதான். ஒரு நல்ல ஓட்டக்காரி மூன்று வினாடி சுமாரில் முதல் பேஸைத் தொட்டுவிடுவாள். யோசித்துவிட்டு நகர நேரமே கிடையாது.

மூன்றாமவரால் வரும் நன்மையும் சிறியதல்ல. பிட்சர் கையிலிருந்து பந்து விடுபடும் முன் ரன்னர் பேஸை விடக் கூடாது. முதலிலும் மூன்றாவதிலும் ரன்னர்கள் இருக்கும்போது இதை ஒரே ஆள் எப்படிப் பார்ப்பது? இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால்தான் நியாயம் கிடைக்கும்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் படித்த என் சீனியர் ஒருவர் பிறகு எனக்குச் சொல்லிக் கொடுத்தார். காலை ஆறரை மணி, காலி மைதானம், பந்தே கிடையாது. “ஒண்ணுல ரன்னர், பந்து லெஃப்ட்ல, போங்க!” என்பார். மூவரும் அவரவர் இடத்துக்கு நடப்போம். அப்புறம் மெதுவாக ஓடுவோம். நான் வாய் மூடிப் போனால் நிறுத்திவிடுவார். “தம்பி, ‘போறேன்’னு கத்துங்க. பிளேட்ல நிக்கிறவருக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?”

பத்துப் பன்னிரண்டு நாள் அப்படி நடந்த பிறகுதான் கால் தானாகப் போக ஆரம்பித்தது. இப்போதும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஐந்து நிமிடம் மூவரும் நின்று பேசாமல் நான் உள்ளே இறங்குவதில்லை.

போட்டி நடத்தும் உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். லீக் ஆட்டங்களிலேயே மூன்றாவதாக ஓர் இளைஞரை நிறுத்துங்கள். அவருக்கு பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுத்தால்கூடப் போதும், வருவார்கள். இளம் அம்பயர்களே, இரண்டு பேருக்குத்தான் படி என்று சொன்னாலும் ஒரு சீசன் மட்டும் மூன்றாமவராகப் போய் நில்லுங்கள். எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் கிளிக்கர் இல்லாவிட்டால் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.