ஹார்மனைசேஷன் என்றால் ஒத்திசைவு: ஐரோப்பிய வெல்டர் சான்றிதழை வைத்து ஒரு சொல் விளக்கம்

ஐரோப்பியத் தொழில்துறை பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் 'ஹார்மனைசேஷன்' என்ற சொல் எப்படியும் வந்து நிற்கும். இதை ஒருமைப்படுத்தல், சீரமைப்பு, ஒரேமாதிரியாக்கல் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மூன்றுமே பொருளைக் கொஞ்சம் நகர்த்திவிடுகின்றன. 'ஒத்திசைவு' என்பதே சரி என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை வெல்டர்களின் தகுதிச் சான்றிதழை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும்.

முதலில் வேர். கிரேக்கத்தில் இது 'ஹார்மோனியா'. இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் இசைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் தொடக்கத்தில் அது தச்சர் பட்டறைச் சொல். 'ஹர்மோஸ்' என்றால் மூட்டு, இணைப்பு. ஹோமரின் ஒடிசியில் ஐந்தாம் பகுதியில், கலிப்சோவின் தீவை விட்டுப் போக ஒடிசியஸ் தானே ஒரு தெப்பம் கட்டுகிறான். மரங்களைத் துளையிட்டு, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, முளைகளாலும் 'ஹார்மோனியா'க்களாலும் அடித்து இறுக்குகிறான். அங்கே அந்தச் சொல்லுக்குப் பலகைகளைப் பிணைக்கும் இணைப்பு என்றே பொருள். சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு அந்தப் பெயர் வந்தது அதற்குப் பிறகுதான். அப்புறம் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இரும்பை இரும்போடு இணைக்கிறவர்களின் சான்றிதழுக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம்.

தமிழில் 'இசை'யும் இதே இரண்டு பக்கமும் நிற்கிறது. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். இசைவு என்றால் சம்மதம். இசை என்றால் பாட்டு. ஆகவே 'ஒத்திசைவு' என்று சொல்லும்போது பொருந்துவதும் உடன்படுவதும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. பாடநூல் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். இயற்பியலில் தனிச்சீரிசை இயக்கம், ஒத்ததிர்வு, வேதியியலில் உடனிசைவு என்று பக்கத்துச் சொற்கள் உண்டே, குழம்பாதா? குழம்பாது. அவை அந்தந்தத் துறைக்குள் இறுகிவிட்ட சொற்கள். சட்டமும் தரநிலையும் பேசுகிற இடத்தில் ஒத்திசைவுக்கு வேறு போட்டியில்லை.

சரி, ஐரோப்பியச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? ஆரம்பத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் நுணுக்கமான தொழில்நுட்ப விவரம் வரை சட்டத்திலேயே எழுதி, எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று முயன்றார்கள். ஒவ்வொன்றும் வருடக்கணக்கில் இழுத்தது. 1979இல் 'காசிஸ் த டிஜோன்' வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பிரான்சில் முறைப்படி விற்கப்படும் ஒரு மதுவை, சாராய அளவு குறைவு என்பதைக் காட்டி ஜெர்மனி தடுக்க முடியாது என்றது. ஒரு நாட்டில் சரியென்று ஏற்கப்பட்டதை இன்னொரு நாடு தக்க காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்ற கொள்கை அங்கே பிறந்தது. 1985இல் 'புதிய அணுகுமுறை' வந்தது. சட்டம் பாதுகாப்புக்கான அடிப்படைத் தேவைகளை மட்டும் சொல்லும். அதை எப்படி நிறைவேற்றுவது என்ற விவரத்தை சென் போன்ற ஐரோப்பியத் தரநிலை அமைப்புகள் எழுதும். ஐரோப்பிய ஆணையம் கேட்டு எழுதப்பட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசிதழில் குறிப்பிடப்படும் தரநிலைக்குத்தான் 'ஹார்மனைஸ்டு ஸ்டாண்டர்ட்' என்று பெயர். அதைப் பின்பற்றினால் அது எந்தச் சட்டத் தேவைகளுக்காக எழுதப்பட்டதோ அவற்றுக்கு இணங்கியதாகவே கொள்ளப்படும். பின்பற்றியே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. வேறு வழியிலும் நிரூபிக்கலாம். 'ஒரேமாதிரியாக்கல்' என்ற சொல் இந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறது.

இப்போது வெல்டருக்கு வருவோம். ஜெர்மனியில் எஃகு வெல்டர் தேர்வுக்கு டின் 8560 என்ற தரநிலை இருந்தது, பிரிட்டனில் பிஎஸ் 4871. தேர்வுத் துண்டின் அளவு, நிலை, தேர்ச்சி எல்லை எல்லாம் வேறு வேறு. ஒரு நாட்டில் தேர்ச்சி பெற்றவர் அடுத்த நாட்டு வேலைக்குப் போனால் அவருடைய காகிதத்தை அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது, மறுபடியும் தேர்வு. ஆள் அதே ஆள், கை அதே கை. 1992இல் இஎன் 287 என்ற பொதுவான ஐரோப்பியத் தரநிலை வந்தது. சென் அமைப்பின் விதிப்படி ஒரு ஐரோப்பியத் தரநிலை வந்தால் அதோடு முரண்படும் தேசியத் தரநிலையை உறுப்பினர்கள் விலக்கிக்கொள்ள வேண்டும். நார்வே, சுவிட்சர்லாந்து போல ஒன்றியத்தில் சேராத நாடுகளும் சென்னில் இருப்பதால் அவையும் இதற்குள் வந்தன.

இன்றைய தரநிலையான ஐஎஸ்ஓ 9606-1 படி ஒருவருடைய சான்றிதழில் இப்படி ஒரு வரி இருக்கும்: 135 பி எஃப்டபிள்யூ எஃப்எம்1 எஸ் டி10 பிபி எம்எல். மொழி தெரியாத மேற்பார்வையாளரும் இதைப் படித்துவிடுவார். 135 என்பது கம்பி தானாக ஊட்டப்படும் மேக் வெல்டிங்; நம் ஊர்ப் பட்டறைகளில் சிஓ2 வெல்டிங் என்கிறோமே, அது. பி என்றால் தகடு. எஃப்டபிள்யூ என்றால் ஃபில்லட், அதாவது இரண்டு தகடுகள் சேரும் மூலையில் வைக்கும் வெல்டு. எஃப்எம்1 என்பது சாதாரண எஃகுக்கான நிரப்புக் கம்பிப் பிரிவு. எஸ் திடக் கம்பி. டி10 என்றால் தகட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர். பிபி என்பது படுத்த தகட்டின் மேல் நிற்கும் தகட்டைச் சேர்க்கும் கிடைநிலை. எம்எல் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்கு.

இந்த வரிக்குள் இவர் என்னென்ன வேலை செய்யலாம் என்பதும் அடங்கியிருக்கிறது. 10 மில்லிமீட்டரில் தேறியவர் 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலுமான எந்தத் தடிமனிலும் ஃபில்லட் வைக்கலாம். பல அடுக்கில் தேறியவர் ஒற்றை அடுக்கும் வைக்கலாம். ஒற்றை அடுக்கில் மட்டும் தேறியவருக்குப் பல அடுக்கு கிடையாது. தகட்டில் தேறியவர், சுழற்றி வைக்கிற குழாயானால் 75 மில்லிமீட்டர் விட்டமும் அதற்கு மேலும் செய்யலாம். ஆனால் தலைக்கு மேல் வைக்கும் வெல்டுக்கு இந்தக் காகிதம் செல்லாது.

தேர்வு நடக்கும் விதமும் எங்கும் ஒன்றே. தொடங்கும் முன்பே தேர்வை நடத்துபவர் துண்டில் முத்திரை அடித்துவிடுவார். நடுவில் குறைந்தது ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும், அந்த இடம் அடையாளமிடப்படும். காரணம், வெல்டில் குறை ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். முதலில் கண்ணால் பார்ப்பார்கள். ஃபில்லட் என்றால் அப்புறம் துண்டை உடைத்து உள்ளே வேர் வரை, அதாவது தகடுகள் சேரும் அடிமூலை வரை, உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

நம் ஆட்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும்போது பேசுகிற '6ஜி' அமெரிக்க முறையின் சொல். 45 டிகிரி சாய்ந்து, திருப்ப முடியாமல் நிற்கும் குழாயில் கீழிருந்து மேலே ஏறி வைத்தால் ஐரோப்பியக் காகிதத்தில் அது எச்-எல்045. வேலை அதேதான், குறியீடுதான் வேறு.

இவ்வளவும் ஒத்துப்போனது தேர்வில்தான். வெல்டரை உருவாக்கும் பயிற்சியை இந்தத் தரநிலை தொடவில்லை. ஜெர்மனியில் தொழிற்கூடமும் பள்ளியும் சேர்ந்த பயிற்சி முறை அப்படியே இருக்கிறது. மற்ற நாடுகள் தங்கள் வழியில் போகின்றன. தொழிலறிவு பற்றிய எழுத்துத் தேர்வைக்கூட 9606-1 பரிந்துரைக்கிறதே ஒழிய எல்லோருக்கும் கட்டாயமாக்கவில்லை. பயிற்சியை ஒத்திசைவிக்கும் வேலையைத் தனியாக எடுத்துக்கொண்டது 1992இல் உருவான ஐரோப்பிய வெல்டிங் கூட்டமைப்பு. ஐரோப்பிய வெல்டிங் பொறியாளர் என்ற பட்டயத்திலிருந்து ஃபில்லட், தகடு, குழாய் என்று படிப்படியாக ஏறும் வெல்டர் பயிற்சி வரை பொதுப் பாடத்திட்டம் வகுத்தது. ஒன்று கைத்திறனுக்கான சான்று, மற்றொன்று படித்ததற்கான பட்டயம். தமிழில் இரண்டையும் 'சான்றிதழ்' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவதுதான் பெரிய குழப்பம்.

இஎன் 287இன் 1992 பதிப்புத் தலைப்பில் இது வெல்டருக்கான 'ஒப்புதல்' தேர்வாக இருந்தது. 2004 பதிப்பில் 'தகுதி'த் தேர்வு ஆனது. நாமும் 'வெல்டர் தகுதித் தேர்வு' என்று எழுதுவதே சரி. ஒப்புதல் என்பது சட்டம் பேசும்போது தனியாக வருகிறது: 2014/68 என்ற அழுத்தக் கருவிச் சட்டத்தின்படி, ஆபத்து மிகுந்த இரண்டாம், மூன்றாம், நான்காம் வகைக் கருவிகளில் வெல்டு வைப்பவர்களுக்கு, அதற்குத் தகுதியுள்ள வெளி அமைப்பு ஒன்று ஒப்புதல் தர வேண்டும். எந்த அமைப்பிடம் போவது என்பதை உற்பத்தியாளரே தேர்ந்துகொள்ளலாம்.

ஒத்திசைவுக்கு ஒரு விலையும் உண்டு. இஎன் 287-1 விலகி 9606-1 வந்தபோது, தகட்டு எஃகின் வகையை வைத்துப் பிரித்தது போய் நிரப்புக் கம்பியின் வகையை வைத்துப் பிரிப்பது வந்தது. முன்பு பட் வெல்டில், அதாவது இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பாகச் சேர்க்கும் வெல்டில், தேறினால் ஃபில்லட்டும் அதில் அடங்கும். இப்போது அடங்காது, ஃபில்லட்டுக்குத் தனியாக ஒரு துண்டு செய்து காட்ட வேண்டும். அனுபவமுள்ள வெல்டருக்கு இது எரிச்சல்தான், ஆனாலும் நியாயமான மாற்றம் என்றே நினைக்கிறேன். நன்றாக பட் வைப்பவர் எல்லோரும் மூலையில் வேர் வரை உருக்குவார் என்று சொல்ல முடியாது.

செல்லுபடிக் காலத்திலும் தெரிவுகள் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இவர் அந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறார் என்று பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். அதற்கு மேல் மூன்று வழி: மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சமீபத்திய வெல்டுகளைச் சோதித்து நீட்டிப்பு, அல்லது உரிய தர மேலாண்மை உள்ள ஒரே நிறுவனத்தில் இருக்கும் வரை அந்தக் கையெழுத்தும், வெல்டுகள் தரமாக இருந்ததற்கான நிறுவனப் பதிவும் போதும் என்பது.

கடைசியாகச் சொற்கள். ஹார்மனைசேஷன் செயலைக் குறித்தால் ஒத்திசைவித்தல், நிலையைக் குறித்தால் ஒத்திசைவு. ஹார்மனைஸ்டு ஸ்டாண்டர்ட் என்பது ஒத்திசைந்த தரநிலை. வெல்டருக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் 'பற்றவைப்பவர்' என்ற சொல் உண்டு. பற்ற வைப்பது என்றால் அடுப்பு மூட்டுவது என்று சிலர் குறைப்படுகிறார்கள். ஆனால் பற்று என்பதில் தீ பிடிப்பதும் இருக்கிறது, ஒன்றை ஒன்று விடாமல் பிடிப்பதும் இருக்கிறது, நல்ல சொல்தான். பாடநூலிலும் அரசு ஆணையிலும் அதை எழுதலாம். பட்டறையில் படிக்கப்போகும் காகிதத்தில் 'வெல்டர்' என்றே இருக்கட்டும். எந்திரத்தை இயக்கித் தானியங்கி வெல்டிங் செய்பவர் இதில் சேரமாட்டார். அவருக்கு ஐஎஸ்ஓ 14732 என்று தனித் தரநிலை இருக்கிறது. அவரை 'வெல்டிங் எந்திர இயக்குநர்' என்று பிரித்து எழுத வேண்டும்.