கொதிக்கிற கஞ்சியில் போட்ட என்சைம்

"பாக்கெட்டே காலியாயிடுச்சு டாக்டர், பால் ஏறவே இல்லையே" என்றார் அந்த அம்மா. டெல்டா பக்கத்து ஊர், கொட்டகையில் இரண்டு கலப்பினக் கறவைகள். வைக்கோல் நன்றாகச் செரித்துப் பால் கூடட்டும் என்று வாங்கிய என்சைம் பொடி அது. எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "அரிசிக் கஞ்சி கொதிக்கும்போதே போட்டுக் கிண்டிடுவேன். ஆறினதும் தொட்டியில ஊத்திடுவேன்."

என்சைம் என்பது புரதம். கொதிக்க வைத்தால் முட்டை வெந்து கெட்டியாவது போல அதன் வடிவம் குலைந்துவிடும். அப்புறம் வேலை செய்யாது. ஒரு மாதமாக மாடு குடித்தது வெறும் கஞ்சிதான்.

வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளை உடைக்கும் என்சைம் மாட்டின் உடம்பில் சுரப்பதில்லை. பெருவயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. கடையில் கிடைக்கும், நாரை உடைக்கும் செல்லுலேஸ், சைலனேஸ் என்சைம் பொடிகளைப் பெரும்பாலும் டிரைக்கோடெர்மா, ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளிடமிருந்து எடுக்கிறார்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்குக் கூடுதல் கை கொடுப்பதுதான் இந்தப் பொடியின் வேலை. அவையே பட்டினி கிடந்தால் பொடி தனியாக எதையும் சாதிக்காது. முற்றிய வைக்கோலில் இறுகிக் கிடக்கும் லிக்னின் என்ற கட்டைப் பொருளை இந்த இரண்டு என்சைம்களும் தொடவே தொடாது. அதனால் எல்லா மாட்டிலும் ஒரே மாதிரி பலன் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோழிக்கு வாங்கிய ஃபைட்டேஸை (தானியத்தில் அடைபட்ட பாஸ்பரஸை விடுவிக்கும் என்சைம்) மாட்டுக்கும் போட்டவர்கள் உண்டு. அந்த என்சைமை மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்களே தயாரித்துக்கொள்கின்றன. அது வீண் செலவு.

சரி, சாணியைப் பார்ப்போம் என்றேன். கையளவு சாணியைப் பழைய மாவுச் சல்லடையில் போட்டுக் குழாயடியில் அலசினோம். விரல் நகத்தைவிட நீளமான வைக்கோல் துண்டுகள் கொத்தாகத் தங்கின, நடுவே அரைகுறையாக வெந்த அரிசியும். சாணி இளகலாக, புளித்த வாடையுடன் இருந்தது. பொடியைவிடப் பெரிய சிக்கல் கஞ்சிதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மாவுச்சத்து அதிகமாகப் போனால் பெருவயிறு புளித்து அமிலமாகிறது. நாரைச் செரிக்கும் பாக்டீரியாதான் முதலில் அடி வாங்கும். பொங்கல் முடிந்த வாரம் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, மிஞ்சிய சோறு தின்ற மாடுகளுக்காகத்தான்.

அடுத்தது புரதம். நெல் வைக்கோலில் 3 முதல் 4 சதவீதம்தான் இருக்கிறது. தீவனம் மொத்தத்தில் 7 சதவீதமாவது இல்லாவிட்டால் பெருவயிற்று நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். கடலைப் பிண்ணாக்கு, வேலிமசால், அகத்தி, எது கைக்கு எட்டுகிறதோ அதைச் சேர்க்கலாம். வைக்கோல் நிறைய இருப்பவர்களுக்கு யூரியா ஊட்டம் நல்ல வழி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். எடுத்த பிறகு நெடி போக ஆறவிட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவான கன்றுக்கு வேண்டாம். யூரியாவைக் கரைத்துக் குடிக்க மட்டும் வைத்துவிடாதீர்கள், மாடு செத்துப் போகும்.

இவையெல்லாம் சரியான பிறகுதான் என்சைம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்து, நறுக்கிய வைக்கோலில் தெளித்துச் சில மணி நேரம் ஊறவிடுங்கள். நாரில் அது ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும். அடுத்த வேளைக்குத் தேவையானதை மட்டும் நனையுங்கள். நம் வெயிலுக்கு ஈர வைக்கோல் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். கன்று ஈன்ற முதல் சில மாதங்களில், நன்றாகத் தின்னும் கறவைக்குக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

அந்த அம்மாவின் வீட்டுக்கு மறுபடி போனபோது சாணி கெட்டிப்பட்டிருந்தது, சல்லடையில் நீளத் துண்டுகள் குறைந்திருந்தன. இரண்டாவது பாக்கெட்டை வைக்கோலில்தான் தெளிக்கிறார். கஞ்சியை மட்டும் விட மனசு வரவில்லையாம். அரைப்படியாகக் குறைத்திருக்கிறேன் என்று சிரித்தார்.