லியூக்கோபிளாக்கியா: தமிழில் வெண்திட்டு

வாயின் உட்புறத்தில் தோன்றி, சுரண்டினாலும் போகாமல் நிற்கும் வெள்ளைத் திட்டுக்கு மருத்துவர்கள் இட்ட பெயர் லியூக்கோபிளாக்கியா. கிரேக்கத்தில் லியூக்கோஸ் என்றால் வெள்ளை, பிளாக்ஸ் என்றால் தட்டையான பரப்பு. இரண்டையும் இணைத்து 1877இல் இச்சொல்லை ஆக்கியவர் ஷ்விம்மர் என்ற ஹங்கேரியத் தோல் மருத்துவர்.

உலக சுகாதார நிறுவனம் 1978இல் தந்த வரைவிலக்கணம் விலக்கிச் சொல்லும் வகையானது: வேறெந்த நோயென்றும் இனங்காண முடியாத வெள்ளைத் திட்டே லியூக்கோபிளாக்கியா. ஆகவே பல் டொக்டர் முதலில் மற்றவற்றைக் கழித்துப் பார்ப்பார். துணியால் வழித்தால் வந்துவிடும் வெள்ளை பெரும்பாலும் பங்கசுத் தொற்று. கூரான பல் உராய்ந்து வந்தது, பல்லைச் சரிசெய்ததும் மறையும். எதிலும் அடங்காமல் எஞ்சுவதைத்தான், பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடுமோ என்று சந்தேகிக்க வேண்டும்.

தமிழில் சிலர் இதை வெண்படலம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படலம் என்றதும் மேலே படர்ந்த, உரித்தெடுக்கக்கூடிய ஒன்று நினைவுக்கு வருகிறது, இதுவோ உரிபடாதது. திட்டு என்றால் சுற்றியுள்ளதிலிருந்து பிரிந்து தெரியும் இடம், மன்னார்க் கடலில் மணல்திட்டு தெரிவதைப் போல. வெண்திட்டு என்பதே பொருந்தும். (புணர்ச்சி விதிப்படி வெண்டிட்டு என்று வரவேண்டும். கிளினிக் வாசலில் நிற்பவருக்கு அது விளங்காது; பிரித்தே எழுதுவோம்.) இதே அச்சில் எரித்ரோபிளாக்கியாவைச் செந்திட்டு எனலாம். சிவந்த திட்டு அரிதாகவே வரும், ஆனால் வெள்ளையைவிட மிக ஆபத்தானது.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: இவற்றைப் புண் என்று சொல்லாதீர்கள். புண் என்றால் வலிக்கும் என்பது நம் எண்ணம். வெண்திட்டு பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆரம்ப நிலைப் புற்றுநோயும் வலிக்காமல் இருக்கலாம். நோகவில்லையே என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவது இதனால்தான்.

இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புறக்கோட்டையிலோ ஆமர் வீதியிலோ மூட்டை சுமப்பவர்களும் ஓட்டோ ஓட்டுபவர்களும் களைப்புத் தெரியாமலிருக்க வெற்றிலைக் கூறைக் கன்னத்தில் ஒதுக்குகிறார்கள். புகையிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருக்கிறது. உறைப்புப் பட்டால் வாய் எரிவதும், வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போவதும் பாக்கு செய்யும் வேலையின் அறிகுறிகள்.

வாயைக் கொப்பளித்து, கட்டுப்பல் இருந்தால் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். வெற்றிலை ஒதுக்கும் கன்னத்தை முதலில் பாருங்கள். பிறகு உதட்டின் உட்பக்கம், முரசு, அண்ணம். நாக்கைத் தூக்கி அதன் அடியையும், இரு ஓரங்களையும் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ திட்டு, தடிப்பு, இரண்டு வாரமாகியும் ஆறாத காயம், எது தென்பட்டாலும் அரச வைத்தியசாலையின் பல் கிளினிக்குக்குப் போகலாம். கொழும்பில் வாட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது.

அங்கே தேவைப்பட்டால் சிறு இழையத் துண்டொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். பெரும்பாலான வெண்திட்டுகள் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும் என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. அதனால்தான் முடிவு நல்லதாக வந்தாலும் வெற்றிலையை நிறுத்தச் சொல்லி, அடுத்த கிளினிக் திகதியைக் கார்டில் எழுதித் தருகிறார்கள்.