பாம்பு உண்டா, இல்லையா?

தேர்வில் தோற்றுவிட்டோம் என்று தெரிந்த இரவில் நன்றாகத் தூங்கியதாகவும், முடிவுக்குக் காத்திருந்த இரவுகளில்தான் கண்ணே மூடவில்லை என்றும் வாசகர் ஒருவர் எழுதி, இதற்குக் காரணம் கேட்டிருந்தார். கெட்டது நடந்தே தீரும் என்று அறிவதைவிட, நடக்குமோ நடக்காதோ என்று தவிப்பதே உடலை அதிகம் வாட்டும் என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

அந்த ஆய்வில் 45 தன்னார்வலர்கள், கணினித் திரையில் தோன்றும் கல்லின் அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகித்தார்கள். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி. எந்தக் கல்லில் பாம்பு அதிகம் என்பது ஆடஆடப் பிடிபடும். பிடிபட்ட பிறகு அந்த வாய்ப்பு சொல்லாமல் மாறிவிடும். பதற்றம் கூடினால் தோல் வியர்க்கும், உப்புள்ள வியர்வை மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அந்தக் கடத்துதிறனையும் கண்மணி விரிவதையும் கருவிகள் பதிவுசெய்தன. அதிர்ச்சி உறுதி என்றிருந்தபோது இருந்ததைவிட, அதற்கான வாய்ப்பு 50 சதவீதமாக இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தில் நின்றது.

ஏன் சரிபாதியில்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பாம்பு உண்டு என்று உறுதியாகத் தெரிந்த கல்லைப் புரட்டினால் புதிதாக அறிய ஒன்றுமில்லை. இல்லவே இல்லை என்று தெரிந்த கல்லும் அப்படியே. வாய்ப்பு பாதிக்குப் பாதியாக இருக்கும் கல்லைப் புரட்டும்போதுதான் மிக அதிகமான செய்தி கிடைக்கிறது என்பது 1948இல் கிளாட் ஷானன் வகுத்த தகவல் கோட்பாட்டின் கணக்கு. கற்க அதிகம் இருக்கும் அதே இடத்தில்தான் உடலும் விழித்து நிற்கிறது. நிச்சயமின்மை ஏறும்போது பதற்றம் ஏறி, அது இறங்கும்போது தாமும் தணிந்தவர்களே பாம்பைச் சரியாக ஊகிப்பதிலும் தேர்ந்திருந்தார்கள். அதற்காக, பயந்தால் அறிவு வளரும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதற்கு மேல் இந்த ஆய்வு சொல்லவில்லை.

சோதிடர் “ஏழரைச் சனி, கஷ்டம்தான்” என்று கெட்டதையே சொன்னாலும் பலர் தெளிந்த முகத்தோடு திரும்புவது ஏன் என்பதும் இதிலிருந்து ஓரளவு விளங்குகிறது என்று நினைக்கிறேன். ஐம்பதை நூறாக்கித் தருகிறார் அவர். நிம்மதி உண்மையானது, நூறு மட்டும் பொய். அந்த நிம்மதியில் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவரைப் பற்றியே என் கவலை, ஏனெனில் அவர் புரட்ட வேண்டிய கல் இன்னும் அங்கேயே கிடக்கிறது.