உத்வேகமா, சுவாசமா, அருளா? வேதம் ‘கடவுளின் வார்த்தை’ என்பதற்கு ஒரு சொல் விளக்கம்

“வேதாகமம் தேவனால் உத்வேகம் பெற்ற புத்தகம்.” இலங்கை மலைநாட்டில் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கையில் திணிக்கப்படும் துண்டுப்பிரசுரங்களில் இந்த வாக்கியம் இப்போது சர்வசாதாரணம். பிரசங்க மேடையில் இதற்கு ஒரு தம்பியும் இருக்கிறான்: “தேவனால் சுவாசிக்கப்பட்ட வார்த்தை.” அண்ணன் அர்த்தத்தை மாற்றுகிறான், தம்பி அதைத் தலைகீழாக்குகிறான். வேதத்தைக் கடவுளின் வார்த்தை என்று கிறிஸ்தவர்கள் ஏன் சொல்கிறார்கள் என்று தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை ஒன்று ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கேட்டால், இந்த இரண்டு வாக்கியங்களையும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது.

மூலச்சொல்லை முதலில் முடித்துவிடுவோம். கிரேக்கத்தில் ‘தெயோப்நியூஸ்தோஸ்’. ‘தெயோஸ்’ கடவுள், ‘ப்னெயோ’ ஊது, வீசு, மூச்சு விடு. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் வருவது ஒரே இடத்தில், 2 தீமோத்தேயு 3:16-இல். பழைய இலத்தீன் வேதாகமமான வுல்காத்தா இதைத் ‘திவினிதுஸ் இன்ஸ்பிராத்தா’ என்று பெயர்த்தது. அதன் வழியில் வந்ததுதான் ஆங்கிலத்தின் இன்ஸ்பிரேஷன். கிரேக்கச் சொல்லில் ‘உள்ளே’ என்று பொருள்படும் முன்னொட்டு கிடையாது. இலத்தீனின் ‘இன்’ அதைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த நிருபத்தில் அப்போஸ்தலர் பவுல் சொன்னது, வேதம் கடவுளிடமிருந்து மூச்சாய்ப் புறப்பட்டது என்பதை. ஏற்கெனவே எழுதிக் கிடந்த நூலுக்குள் பிறகு எதையோ ஊதி ஏற்றினார் என்பதல்ல.

ஆங்கிலத்தில் இன்ஸ்பிரேஷன் என்ற சொல் இதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. கிரிக்கெட் வீரரைப் பார்த்தும் இன்ஸ்பிரேஷன், சுயமுன்னேற்றப் பேச்சைக் கேட்டும் இன்ஸ்பிரேஷன். அந்தச் சொல்லைக் கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பில் போட்டால் ‘உத்வேகம்’ என்று வந்து விழுகிறது. அதை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

உத்வேகம் வடசொல். அங்கே அதன் பொருள் மனக்கலக்கம், பதற்றம். பகவத் கீதை 12:15, களிப்பு, பொறாமை, அச்சம், உத்வேகம் ஆகியவற்றிலிருந்து விடுபட்டவனே எனக்கு இனியவன் என்கிறது. அங்கே உத்வேகம் விட்டொழிக்க வேண்டிய நோய். தமிழில் பொருள் திரிந்து, உந்தித் தள்ளும் ஊக்கம் என்றாகிவிட்டது. சொற்கள் திரியும், அதைப் பற்றிச் சண்டையில்லை. சண்டை இலக்கணத்தில். உத்வேகம் பெறுவது ஆள்தான். புத்தகம் உத்வேகம் பெறாது, வேண்டுமானால் தரும். அதனால் ‘உத்வேகம் பெற்ற புத்தகம்’ என்று எழுதியவரே அடுத்த பத்தியில் ‘உத்வேகம் தரும் புத்தகம்’ என்று வழுக்கி விடுகிறார். பவுல் பேசியது நூல் எங்கிருந்து வந்தது என்பதை. துண்டுப்பிரசுரம் பேசுவது வாசிப்பவருக்கு எப்படி இருக்கிறது என்பதை. லேவியராகமம் 13-ஆம் அதிகாரம் தோல் நோயைப் பரிசோதிக்கும் முறையை 59 வசனங்களில் சொல்கிறது. 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள் பெரும்பாலும் வம்ச அட்டவணை. அவற்றை வாசித்து யாருக்கு உத்வேகம் பொங்கும்? பொங்காவிட்டால் அவை கடவுளின் வார்த்தை இல்லையா? உத்வேகத்தை அளவுகோலாக்கினால் வேதாகமத்தில் பாதி கழிந்துபோகும். மிஞ்சுவது சங்கீதம் கொஞ்சம், பிலிப்பியர் கொஞ்சம்.

சரி, தம்பிக்கு வருவோம். ‘தேவனால் சுவாசிக்கப்பட்ட.’ ஆங்கில வேதாகமப் பதிப்பொன்றில் ‘கடவுள்-மூச்சுவிட்ட’ என்ற பாங்கில் ஒரு கூட்டுச்சொல் வந்தது. கிரேக்கத்துக்கு அது நெருக்கம்தான். அதைத் தமிழாக்கப் போனவர் அகராதியைத் திறந்து ‘சுவாசம்’ என்பதை எடுத்து, செயப்பாட்டு வினையாக்கி ஒட்டிவிட்டார். ஆனால் தமிழில் சுவாசித்தல் என்று எழுவாய் செயப்படுபொருளோடு சொன்னால் அது உள்ளிழுத்தல். காற்றைச் சுவாசித்தான், புகையைச் சுவாசித்தான், மருந்தடிக்கும்போது நஞ்சைச் சுவாசித்தான். வெளியே விடுவதற்கு நமக்கு ‘மூச்சு விடு’, ‘ஊது’ என்று தனி வினைகள் உண்டு. ஆகவே தேவனால் சுவாசிக்கப்பட்ட வேதம் என்றால் கடவுள் வேதத்தை உள்ளே இழுத்துக்கொண்டார் என்று பொருள். மேடையில் இதைச் சொல்லும்போது சபை ‘ஆமென்’ என்கிறது. கேட்பவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் தொனிக்கு ஆமென் சொல்கிறார்கள். ஆதியாகமம் 2:7-இல் பழைய மொழிபெயர்ப்பு எவ்வளவு கவனமாக இருக்கிறது என்று பாருங்கள்: கடவுள் ஜீவசுவாசத்தை மனுஷனின் நாசியிலே ‘ஊதினார்’. பெயர் சுவாசம், வினை ஊதுதல். வினையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று அந்த ஆட்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் முடிந்தது, நம் வசனத்தை எப்படிச் சொல்கிறது? “வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது.” ஒருமை பன்மை இடிக்கிறது, உண்மைதான். ஆனால் சொல் தேர்வில் இதை மிஞ்ச இன்றுவரை ஒன்று வரவில்லை. ‘ஆவி’ என்ற சொல்லில் மூச்சும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது, பரிசுத்த ஆவியும் இருக்கிறது. கிரேக்கத்தில் ஆவியைக் குறிக்கும் ‘ப்நியூமா’வும் இப்படித்தான் பல பொருளைச் சுமக்கிறது. ‘அருளுதல்’ என்ற வினையோ தமிழில் பேசுவதற்கும் கொடுப்பதற்கும் ஒருசேர வழங்குகிறது. திருவாய் மலர்ந்தருளினார் என்கிறோம். ஆழ்வார்களின் பாசுரங்களுக்கு வைணவர்கள் அருளிச்செயல் என்று பெயர் வைத்தார்கள். பெரியவர் வாயிலிருந்து புறப்பட்டு, சிறியவருக்குக் கொடையாய் வந்து சேரும் சொல்லுக்குத் தமிழன் வைத்திருந்த வினை அது. வார்த்தையும் மூச்சும் ஒன்றாய் நிற்பது வேதத்துக்குப் புதிதல்ல: “கர்த்தருடைய வார்த்தையினால் வானங்களும், அவருடைய வாயின் சுவாசத்தினால் அவைகளின் சர்வசேனையும் உண்டாக்கப்பட்டது” என்கிறது 33-ஆம் சங்கீதம். மூச்சு இல்லாமல் சொல் வெளியே வராது. அருளப்பட்டது என்பதும் கடவுளின் வார்த்தை என்பதும் ஒரே கூற்றின் இரண்டு முகம்.

‘அருளப்பட்டது’ என்ற சொல்லை எதிர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தைத் தள்ளிவிட முடியாது, மலைநாட்டில் அது இன்னும் கூர்மையானது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒருவருக்கு அருள் வரும். சாமியாடி அருள்வாக்கு சொல்வார். சுற்றி நிற்பவர்கள் கைகட்டிக் கேட்பார்கள். ஆகவே அருள் என்றால் ஏசாயாவும் பவுலும் சாமியாடினார்கள் என்றல்லவா ஆகும்?

ஆகாது, ‘அருள் வந்து சொன்னார்’ என்பதும் ‘அருளப்பட்டது’ என்பதும் இலக்கணத்திலேயே வேறு. முதலாவதில் அருள் ஆளின்மேல் இறங்குகிறது. ஆளின் சொந்த நினைவு விலகுகிறது. முடிந்தபின் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியாது. கிறிஸ்தவம் வேத எழுத்தாளரைப் பற்றிச் சொல்வது இதற்கு நேர் எதிர். லூக்கா தம் முன்னுரையில், எல்லாவற்றையும் ஆதிமுதல் விசாரித்தறிந்து ஒழுங்காய் எழுதுவதாகச் சொல்கிறார். அது ஆராய்ச்சிக்காரரின் பேச்சு. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று சரியாக நினைவில்லை என்கிறார் (1 கொரிந்தியர் 1:16). துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார் (2 தீமோத்தேயு 4:13). ரோமர் 16:22-இல் எழுத்தராக உட்கார்ந்த தெர்தியு நடுவே புகுந்து தம் வாழ்த்தையும் சொல்லிவிடுகிறார். எரேமியா சொல்லச் சொல்ல மையினால் எழுதியது பாரூக்கு (எரேமியா 36). மறதி, குளிர், எழுத்தரின் கை எல்லாம் அப்படியே கிடக்கின்றன. அந்த எழுத்தே கடவுளின் வார்த்தை என்பதுதான் கூற்று. 1965 நவம்பர் 18-இல் வெளியான இறைவெளிப்பாடு பற்றிய கத்தோலிக்க இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு, கடவுளே வேதநூல்களின் ஆசிரியர் என்கிறது. எழுதிய மனிதரையும் அதே மூச்சில் உண்மையான ஆசிரியர்கள் என்கிறது. சீர்திருத்தச் சபைகள் இதை வேறு சொற்களில் சொல்லும். நூலில் பிழையே இல்லையா, எந்த வகையில் இல்லை என்பதில் சபைக்குச் சபை அபிப்பிராயம் வேறுபடும். ஆனால் ‘கடவுளும் மனிதரும்’ என்பதில் பெரிய பிளவு இல்லை.

பக்கத்து வீட்டாரின் சொற்களோடு ஒப்பிட்டால் இது தெளியும். சிங்களத்தில் ‘புத்த வசனய’ என்றால் புத்தர் உபதேசித்தது. கிறிஸ்தவர்கள் சிங்களத்தில் ‘தெவியன் வஹன்சேகே வசனய’ என்கிறார்கள், அதே ‘வசனய’. கண்டிப் பக்கத்துச் சிங்கள நண்பர், இயேசு சொன்னதன் தொகுப்பு என்று அதைப் புரிந்துகொண்டால் அதில் வியப்பில்லை. ஆனால் இயேசு தம் கையால் ஒரு சுவிசேஷமும் எழுதவில்லை. நிருபங்களில் பெரும்பகுதி அவர் வாய்மொழி அல்ல. அக்குறணை முஸ்லிம் நண்பரோ குர்ஆன் ‘இறக்கியருளப்பட்டது’ என்பார், சொல் சொல்லாக இறங்கியது என்ற பொருளில். கிறிஸ்தவரின் ‘அருளப்பட்டது’ அதுவுமல்ல. இன்னொன்று: யோவான் 1:1-இன்படி கடவுளின் வார்த்தை என்பது முதலில் ஓர் ஆள். “ஆதியிலே வார்த்தை இருந்தது” என்று பழையதும், “தொடக்கத்தில் வாக்கு இருந்தது” என்று 1995-இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் சொல்வது கிறிஸ்துவை. நூல் வார்த்தை எனப்படுவது அந்த ஆளைக் காட்டுவதால். இதை விட்டுவிட்டு ‘வார்த்தை என்றால் பைபிள்’ என்று யோவானுக்கு விளக்கம் சொல்லும் பிரசங்கம் கேட்டால், பாஸ்டருக்கு ஒரு தேநீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசலாம்.

திருவிவிலியம் நம் தீமோத்தேயு வசனத்துக்கு ‘தூண்டுதல்’ என்ற சொல்லை எடுத்தது. நல்ல தமிழ், எளிமை. ஆனால் தோட்டத்தில் வேலைநிறுத்தம் வந்தால் துரை கேட்கும் முதல் கேள்வி ‘யார் தூண்டிவிட்டது?’ என்பதுதான். தூண்டுபவர் ஒருவர், செய்பவர் வேறொருவர். தூண்டியவர் ஒதுங்கி நின்றுகொள்ளலாம். கடவுள் தூண்ட மனிதர் தம் போக்கில் எழுதியது என்ற அளவுக்கு அது சுருங்கிவிடும். ‘ஏவுதல்’ இன்னொன்று. அது 2 பேதுரு 1:21-க்கு உரியது: “பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள்.” அங்கே கிரேக்க வினை ‘சுமந்து செல்லப்பட்டு’, அப்போஸ்தலர் 27-இல் புயல்காற்று கப்பலை அடித்துக்கொண்டு போவதற்கும் இதே வினைதான். அந்த வசனம் பேசுவது மனிதரைப் பற்றி, தீமோத்தேயு பேசுவது எழுத்தைப் பற்றி. இரண்டையும் குழைத்து ‘ஏவப்பட்ட நூல்’ என்றால் பில்லி, சூனியம், ஏவல் என்ற வரிசையில் போய் நிற்கும். லயத்தில் ‘ஏவி விட்டுட்டாங்க’ என்றால் யாரும் ஏசாயாவை நினைக்கமாட்டார்கள்.

ஆகவே ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்க உட்காருபவர் முதலில் பார்க்க வேண்டியது எழுவாயை. எழுத்து எழுவாயானால் ‘தேவ ஆவியினால் அருளப்பட்டது’. கத்தோலிக்க வாசகருக்கு ‘கடவுள் அருளிய மறைநூல்’. திருப்பலியில் வாசகம் முடிந்ததும் ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாக இராது. எழுதியவர் எழுவாயானால் ‘ஆவியினால் ஏவப்பட்டு’ அல்லது ‘ஆவியால் நடத்தப்பட்டு’. வாசிப்பவருக்குப் புரிதல் கிடைப்பதைச் சொன்னால் ‘மனக்கண் திறந்தது’. பாடகர், வீரர், தொழில்முனைவோர் என்றால் உத்வேகம், உந்துதல், எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், வேதம் தப்பிக்கும். மூன்று மொழியிலும் அச்சிடும்போது சிங்களத்தைப் பார்த்துத் தமிழ் எழுதுபவருக்கு ஒரு பொறி உண்டு: சிங்கள ‘வசனய’ என்றால் சொல். தமிழில் வசனம் என்றால் வாக்கியம், எண் போட்ட வேதப் பகுதி, அப்புறம் படத்தின் கதை வசனம்.

கடைசிக் குறை இந்த ‘வசனம்’ என்ற சொல்லைப் பற்றியதே. “உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்” என்று 119-ஆம் சங்கீதத்தில் வரும் வசனம் கடவுளின் வார்த்தை முழுவதும். நாம் இன்று வசனம் என்பது எண் போட்ட துண்டு. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களைப் போட்டவர் ரொபேர் எஸ்தியேன் என்ற பதிப்பாளர், ஆண்டு 1551. எண் அருளப்பட்டதல்ல. ஆனால் புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எண் போட்ட அந்தத் துண்டுதான் கடவுளின் வார்த்தை ஆகிவிடுகிறது. எரேமியா 29:11 அதில் பெரும் விருப்பம்: “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அந்த நினைவுகள் நிறைவேற எழுபது வருஷம் பாபிலோனில் கிடக்க வேண்டும் என்று முந்தின வசனம் சொல்கிறது. அந்த வசனத்துக்கு அட்டை அடித்தவரை இன்னும் காணோம்.